மஞ்சள் எந்திரத்தின் முன்னால் ஒரு நாற்காலி

மலேசியாவில் ரப்பர்த் தோட்டங்களெல்லாம் முடிந்துபோன கதை என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வருகிறது. கல்யாண வீட்டில், கோயில் அன்னதான வரிசையில், சிரம்பான் ரயில் நிலையத்து நடைமேடையில் என்று எங்கும் இந்தப் பேச்சு கிடைக்கும். பேசுகிறவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, குரலைத் தாழ்த்தி, துக்க வீட்டில் நிற்பவர் போலச் சொல்வார். கடைசியாக எப்போது போனீர்கள் என்று கேட்டால் பதில் வராது. நான் வாராவாரம் போகிறேன். மாட்டுத் தீவனம் ஏற்றிய வேனை ஓட்டிக்கொண்டு போகிறேன். செத்துப்போன இடத்தில் யாரும் தீவனம் வாங்குவதில்லை.

இந்த வேலைக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. சிரம்பானில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தவள். நோய்த்தொற்றுக் காலத்தில் அந்த அலுவலகம் மூடியது. திறக்கவே இல்லை. லோபாக்கில் தீவனமும் கால்நடை மருந்தும் விற்கும் ஒரு சீனத் தவுக்கேவுக்கு, கடை முதலாளிக்கு, ஓட்டுநர் தேவைப்பட்டது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கியர் வண்டி ஓட்டுவாயா, மூட்டை இறக்குவாயா என்று கேட்டார். ஓட்டுவேன், இறக்க ஆள் கூப்பிடுவேன் என்றேன். சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

வீட்டில் அம்மாவுக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

"கிராணியாற்ற பேத்தி லொறி ஓட்டுறதோ?" என்றார்.

"லொறி இல்லையம்மா, வேன்."

"மாட்டுத் தீவனம் ரெண்டிலயும் ஏறும்தானே?"

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. அம்மாவின் தகப்பனார் தோட்டத்துக் கிராணி. அலுவலகத்தில் கணக்கு எழுதுவதும், விடியற்காலையில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதும் அவர் வேலை. வரிசையில் நின்றவர்களும் தமிழர்கள்தான். ஆனால் கிராணி வீடு மேட்டில் இருந்தது, அவர்கள் வரிசையாகக் குடியிருந்த லயம் பள்ளத்தில் இருந்தது. அம்மா பிறகு சிரம்பானில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றார். அந்த மேட்டை விட்டு இறங்கிப் பல காலமாகியும் அதன் உயரம் அவர் பேச்சில் இருந்தது. தோட்டத்து ஆட்களைப் பற்றி அவர் கேவலமாகப் பேச மாட்டார். "அவையோட கனக்கச் சேராதே" என்பார். அவ்வளவுதான். சிறு வயதிலிருந்து அந்த வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

நான் சொல்லப்போகும் தோட்டம் செண்டாயானுக்கு அப்பால் இருக்கிறது. பெயர் வேண்டாம். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டு, வேலைக்கு வெளிநாட்டு ஆட்களைக் கொண்டுவந்த பிறகு பெரும்பாலான குடும்பங்கள் டவுனுக்குப் போய்விட்டன. போகாத சில குடும்பங்கள் ஓடைக்கும் கடைசிச் செம்பனை வரிசைக்கும் நடுவில் இருக்கின்றன. மாடு வைத்திருக்கிறார்கள், ஆடு வைத்திருக்கிறார்கள். ஓடையோரத்தில் கத்தரி, வெண்டை, கங்கோங் கீரை, மரவள்ளி. பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் செண்டாயான் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். ஷிப்ட் முடிந்து வந்து சீருடையைக் கழற்றிவிட்டுப் பால் கறக்கிறார்கள். அந்தப் பால்தான் லோபாக்கில் பல கடைகளில் தேநீராகிறது. குடிக்கிறவர்களுக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

முதல் தடவை போனது மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில். செம்மண் பாதையில் வேனின் பின்சக்கரம் இறங்கிவிட்டது. நான் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது. கதவைத் திறந்து குதித்தேன், முழங்கால்வரை சேறு. என்ன செய்வது என்று தெரியாமல் நின்றபோது செம்பனை மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கைலி, மேலே ஆண்கள் போடும் கால்பந்து பனியன், காலில் ரப்பர் பூட்ஸ். பின்னாலேயே ஆடுகள், ஆடுகளோடு அவருடைய தம்பி.

"இஞ்சினை ஆப் பண்ணு மொதல்ல," என்றார் அந்த அக்கா. "பாவம், அது எவ்வளவுதான் கத்தும்?"

காய்ந்த மட்டைகளை இழுத்து வந்து சக்கரத்துக்கு அடியில் செருகினார்கள். வீடுகளிலிருந்து இன்னும் சிலர் வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, சத்தம் கேட்டு வந்தவர்கள். வேன் மேலேறியபோது தள்ளியவர்கள் எல்லார் மேலும் சேறு. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. நான் நன்றி சொல்லத் தொடங்கியதும் அக்கா என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"பேச்சு வேற மாதிரி இருக்கே. யாழ்ப்பாணமா?"

"அம்மா வழி. தாத்தா கிராணியா இருந்தவர்."

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. அக்கா தன் தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டியா? இவங்க தாத்தா பேர் கூப்பிட்டாரு, நம்ம தாத்தா கைய தூக்குனாரு. இன்னிக்கு இவ சேத்துல நிக்கிறா, நாம தள்ளிவிட்டோம்." பிறகு என்னிடம், "சாப்டியா?" என்றார்.

அந்தக் கேள்வியில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. குத்தவேண்டியதை முன்னாலேயே குத்திவிட்டார், அதோடு சரி. அவர் வீட்டுக் குழாயடியில் கால் கழுவினேன். உடுத்திக்கொள்ளக் கைலி கொடுத்தார். சோறும், மரவள்ளிக் கொழுந்தைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த கறியும், பொரித்த நெத்திலியும். தட்டு காலியாகும் முன்பே மறுபடி சோறு விழுந்தது. "போதும் அக்கா" என்றால் அவருக்குக் காது கேட்காது.

அந்தக் கைலியோடுதான் வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலில் நின்று பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

வாராவாரம் போகப் போக அந்த இடம் எனக்குப் பழகியது. சுற்றிலும் எத்தனையோ இடங்களுக்குத் தீவனம் கொண்டுபோகிறேன். மூட்டையை இறக்கு, கையெழுத்து வாங்கு, கிளம்பு. அங்கே மட்டும் அப்படிக் கிளம்ப முடியாது. வண்டிக்குள் வெண்டைக்காய் ஏறியிருக்கும். அக்காவின் தம்பி, என் ஆட்டுக்கார அண்ணன், ஒரு குட்டியை என் கையில் கொடுத்துவிட்டு மூட்டை இறக்கப் போவார். எனக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வாரம் வேறு ஓட்டுநர் போனபோது, அவனிடம் எனக்கென்று சுக்கும் மிளகும் இடித்து ஒரு டப்பாவில் கொடுத்தனுப்பியிருந்தார்கள். இவர்களுக்கு நான் உறவு கிடையாது. பொருள் கொண்டுவரும் கடைக்காரி. அது அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

ஆனால் அந்த அன்பைப் பார்த்து அவர்களைச் சாதுக்கள் என்று நினைத்தால் தப்பு. ஒரு தடவை டவுனிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. பெரிய துணிப் பதாகை, அரிசிப் பைகள், கேமரா. ஏழைத் தோட்ட மக்களுக்கு உதவி என்று பதாகையில் எழுதியிருந்தது. வரிசையில் நின்று பையை வாங்கிக்கொண்டு சிரிக்கும்படி சொன்னார்கள். அக்கா உள்ளே போய்க் கத்தரிக்காயும் கீரையும் நிரம்பிய கூடையோடு வந்தார்.

"அரிசிய நாங்க புடிச்சுக்கறோம். கத்தரிக்காய நீங்க புடிச்சுக்குங்க. ரெண்டு பேரும் குடுத்த மாதிரி போட்டோ எடுங்க. இல்லைன்னா வேணாம் லா."

வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் அப்படியே எடுத்தார்கள். அந்தப் படத்தை அவர்கள் எங்கும் போட்டதாகத் தெரியவில்லை. கத்தரிக்காயை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பிறகு நிலம் கைமாறியது. வாங்கிய கம்பெனி அங்கே வீடுகள் கட்டப்போவதாகச் சொன்னார்கள். மாடுகளை அப்புறப்படுத்துங்கள் என்று ஒரு பலகை வந்தது. அடுத்து, எல்லையைக் காட்டுவதற்காகப் பாதையின் குறுக்கே பள்ளம் வெட்டப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. அங்கே வண்டி போக அந்த ஒரு பாதைதான். பள்ளம் வெட்டினால் தீவனம் உள்ளே வராது, பால் வெளியே போகாது. போ என்று வாயால் சொல்லாமல் போகவைக்கும் வழி அது.

தவுக்கே என்னைக் கூப்பிட்டு, அந்த இடம் முடிந்தது, இனிப் போகாதே, டீசல் வீண் என்றார். அவர்கள் வாங்கும்வரை நான் போவேன் என்றேன். என் குரல் அவ்வளவு உயரும் என்று அதுவரை எனக்கே தெரியாது. அவர் கையை விரித்துவிட்டு உள்ளே போனார்.

பள்ளம் வெட்ட வந்த நாளில் நான் அம்மாவோடு சிரம்பான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அவருக்குக் கண் பரிசோதனை. கண்ணை விரிக்கும் மருந்து விட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பியிருந்தார்கள். வெளியே வந்து வேனில் ஏறும்போது ஆட்டுக்கார அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"தங்கச்சி, மெஷின் வந்து நிக்குது. நாங்க நடுவுல நிக்கிறோம். நீ தீவனம் ஏத்திக்கிட்டு வந்தா, பாத வேணும்னு காட்டலாம். வர முடியுமா?"

மூட்டைகள் ஏற்கெனவே வண்டியில் இருந்தன. அம்மாவை முதலில் வீட்டில் விட நேரமில்லை. அவர் வழி முழுவதும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வேனில் தீவனம் மணக்குது என்றார். எங்கே போகிறோம் என்று கேட்டார், சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி என்னை முறைக்கப் பார்த்து, வெளிச்சம் தாங்காமல் மறுபடி மாட்டிக்கொண்டார்.

போய்ச் சேர்ந்தபோது மஞ்சள் நிறத்தில் மண் தோண்டும் எந்திரம் பாதையோரம் உறுமிக்கொண்டிருந்தது. அதன் கை மேலே தூக்கியிருந்தது. எதிரே அக்காவும் மற்றவர்களும் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள். பாதுகாப்புத் தொப்பி போட்ட ஒரு மேற்பார்வையாளர், தமிழர்தான், நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தார். நான் வேனை அவர்கள் அருகே நிறுத்திவிட்டு இறங்கினேன். அம்மாவும் மறுபக்கக் கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

"நீங்க உள்ளேயே இருங்கோ அம்மா."

"வேனுக்குள்ள வேகுது. என்ன சத்தம் அது?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மேற்பார்வையாளர் எங்களைப் பார்த்தார். அம்மாவின் வெளுத்த சேலை, கறுப்புக் கண்ணாடி, நிமிர்ந்த முதுகு. அவர் குரல் உடனே மாறியது.

"ஆன்ட்டி, நீங்க படிச்ச குடும்பம் மாதிரி இருக்கீங்க. இவங்களோடல்லாம் ஏன் சேர்றீங்க? இவங்க சொன்னா கேக்கற ஆளுங்க இல்ல. கூட்டிட்டுப் போங்க சிஸ்டர், இந்த அழுக்குல எதுக்கு நிக்கிறீங்க?"

என் கையில் இருந்த அம்மாவின் விரல்கள் இறுகின. அது அவருடைய வாக்கியம். எனக்கு அவர் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம். இன்னொருவர் வாயிலிருந்து, அந்த ஆட்கள் காதுபட, தன்னிடமே வந்தபோது அதன் நாற்றம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்ன நினைத்தார் என்று பிறகு நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அப்போது சொன்னது மட்டும் எல்லாருக்கும் கேட்டது.

"தம்பி, இவையோட சேராதே எண்டு என்ர மகளுக்கு நான் சொல்லலாம். எனக்குச் சொல்ல நீர் ஆர்?"

"எனக்கு ஒண்டும் வடிவாத் தெரியேல்லை," என்று அம்மா என் பக்கம் திரும்பினார். "அங்க பெரிசா மஞ்சளா நிக்கிறது என்ன?"

"அதுதான் மெஷின், அம்மா."

"என்னை அதுக்கு முன்னால கொண்டுபோய் விடு."

நான் தயங்கினேன். அவர் கையை உதறிவிட்டு நடக்கத் தொடங்கினார். கண் தெரியாமல் கால் வைத்துத் தடவித் தடவி நடந்தார். அக்காதான் ஓடிவந்து பிடித்துக்கொண்டார். அம்மா எந்திரத்தின் கைக்கு நேர் கீழே போய் நின்று, மேலே பார்த்து, மூச்சு வாங்கினார். அக்கா திரும்பி, "நாற்காலி எடுத்தாங்கடா!" என்று சத்தம் போட்டார். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று தலைக்கு மேலே கைமாறிக் கைமாறி வந்தது. அம்மா உட்கார்ந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். யாரோ குடை பிடித்தார்கள்.

எந்திரம் ஓட்டுகிறவர் இந்தோனேசியர். சற்று நேரம் மேற்பார்வையாளரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். எந்திரத்தின் கையை மெதுவாகப் பின்னால் இழுத்துத் தரையில் இறக்கி இஞ்சினை அணைத்தார். கீழே இறங்கி அம்மாவிடம் வந்து, "மக்சிக், பனாஸ்," என்றார். வெயில் அடிக்கிறதே பெரியம்மா என்ற அர்த்தத்தில். அம்மா தெளிவான பள்ளிக்கூட மலாயில், வெயிலுக்குத் தான் பழக்கப்பட்டவள் என்று பதில் சொன்னார். அவர் சிரித்துவிட்டு நிழலில் போய்க் குந்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். பாதையிலேயே, மண்ணிலேயே. மேற்பார்வையாளர் போனில் யாரிடமோ பேசினார். போன் அடங்கியது, மறுபடி அடித்தது. வெயில் உச்சிக்கு வந்தது. யாருக்கும் பயம் இல்லை என்று சொன்னால் பொய். போலீஸ் வருமோ என்று ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்தோம். ஒரு அண்ணி அழுதுகொண்டேதான் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் எழுந்து போகவில்லை.

மதியமானதும் அக்கா சோற்றுச் சட்டியைப் பாதைக்கே கொண்டுவந்துவிட்டார். முதல் தட்டு அம்மாவுக்கு, அடுத்தது எந்திரம் ஓட்டுகிறவருக்கு. மேற்பார்வையாளருக்கும் ஒரு தட்டு போட்டு நீட்டினார்.

"வேணாம்."

"சண்டை வேற, சோறு வேற. புடிங்க."

அவர் வாங்கவில்லை. தன் காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தத் தட்டை அக்கா கார் பானட்டின் மேல் வைத்துவிட்டு வந்தார். சிறிது நேரம் கழித்துப் பார்த்தபோது அது அங்கே இல்லை. கார் கண்ணாடி கறுப்பு, உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

அம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டு மூக்கருகே கொண்டுபோனார். தோட்டத்து வீட்டுச் சாப்பாட்டை அவர் வாழ்நாளில் தொட்டதில்லை என்பது எனக்குத் தெரியும்.

"என்ன கறி?"

"கத்தரிக்காயும் கருவாடும்மா," என்றார் அக்கா.

அம்மா சாப்பிட்டார். முழுவதும் சாப்பிட்டார். பிறகு, "உப்புக் கூடிப்போச்சு," என்றார்.

"வெயில்ல கெடக்கறவங்க வீட்டு உப்பு அப்படித்தான் இருக்கும். நீங்களும் இன்னிக்கு வெயில்ல இருக்கீங்கல்ல, சரியாத்தான் இருக்கும்."

அம்மா தட்டை மறுபடி நீட்டினார்.

சாயங்காலம் எந்திரத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் கைதட்டவில்லை. மாடுகள் திரும்பும் நேரம், அவரவர் தொழுவத்துக்கு ஓடினார்கள். நான் தீவனத்தை இறக்கினேன். அம்மா அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, அக்கா கொடுத்த பாலைச் சூடாக ஊதி ஊதிக் குடித்தார்.

இதோடு முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். முடியவில்லை. சில நாள் கழித்து விடிவதற்குள் வந்து பள்ளத்தை வெட்டிவிட்டுப் போனார்கள். அன்று மாலையே தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து வந்த பிள்ளைகள் சீருடையோடு இறங்கி, செம்பனைத் தண்டுகளை உருட்டிப் போட்டு, கல்லும் மண்ணும் கொட்டி மூடினார்கள். மறுபடி வெட்டினார்கள். மறுபடி மூடினோம். அந்தத் தடவை நானும் மண் சுமந்தேன், என் உள்ளங்கை கொப்பளித்தது. சிரம்பானில் ஒரு வழக்கறிஞர் இவர்களுக்காக வாதாட முன்வந்தார். வழக்கு முடியும்வரை பாதையைத் தொடக்கூடாது என்று கோர்ட்டு சொல்லியிருக்கிறது. வழக்கு நடக்கிறது. தோற்கவும் கூடும். அது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

சிலர் களைத்துப்போய் அடுக்குமாடிக்குக் குடிபோனார்கள். அவர்களை யாரும் குறை சொல்லவில்லை. அவர்கள் மாடுகளை மற்றவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள், அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சாணி அள்ளிவிட்டுப் போகிறார்கள். இதற்கும் துக்க வீட்டுக் குரலில் ஒரு கதை சொல்ல யாராவது காத்திருப்பார்கள். சொல்லட்டும். எனக்கு வேலை இருக்கிறது.

தவுக்கே இப்போது அந்த வழியைப் பற்றிப் பேசுவதில்லை. அம்மா என்னை இன்னும் "லொறி ஓட்டுற பிள்ளை" என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொல்கிறார். ஆனால் சத்தமாகச் சொல்கிறார். யாராவது உதட்டைப் பிதுக்கினால், ஏன், என்ன குறை என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்.

போன வாரம் போனபோது அக்கா தொழுவத்துக்குப் பக்கத்தில் கயிறு கட்டித் தரையை அளந்துகொண்டிருந்தார். செவலைப் பசு சினையாக இருக்கிறது, கன்றுக்குத் தனிக் கொட்டகை வேண்டும் என்றார். கம்பு நட்டுத் தகரம் போடப் போகிறீர்களா என்று கேட்டேன்.

"கம்பா? கம்பு செல்லரிச்சுடும். சிமெண்ட்டுத் தூண்தான். அடுத்த வாரம் தீவனத்தோட சிமெண்டும் ஏத்திக்கிட்டு வா."

"புதுசா எதுவும் கட்டக்கூடாதுன்னு கம்பெனிக்காரங்க சொன்னாங்களே, அக்கா?"

அவர் கயிற்றின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். "அவங்க சொன்னாங்க. கன்னுக்குட்டி நனையும்ல? இத இறுக்கிப் புடி, கோணப் போவுது."

இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.